மேல் வீட்டு நடை

விடிந்தும் விடியாத நேரம். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து புது ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார். தலைக்கு மேலே சத்தம். டக், டக், டக். ஏழு எண்ணினார். பிறகு ஒரு சின்ன இடைவெளி, யாரோ நின்று திரும்புவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம். மறுபடியும் ஏழு.

"ஏய், உனக்குக் கேக்குதா?" என்றார்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "எது?"

"மேல யாரோ நடக்குறாங்க."

"மேல் வீடு பூட்டிக் கிடந்து மூணு மாசம் ஆகுது. சாவி நம்ம வீட்டு ஆணியிலதான் தொங்குது. நடக்கப் போகாம இருக்க இப்படி ஒரு சாக்கா? நல்லா இருக்குங்க. கிளம்புங்க முதல்ல."

சாக்கு இல்லை. ஒரு வாரமாக இதே நேரத்துக்கு இதே சத்தம். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்ததும் அதே ஒரு வாரமாகத்தான். வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பது. பாதத்தில் குண்டூசியால் குத்திப் பார்த்த டாக்டர், "இங்க வலிக்குதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். இவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்று பெருமையாகச் சொன்னார். வலிக்காமல் இருப்பதுதான் ஆபத்து என்று அப்புறம்தான் விளங்கியது. மாத்திரைச் சீட்டின் கீழே டாக்டர் கோடு போட்டு எழுதியிருந்தார்: தினமும் நாற்பது நிமிடம் நடை. வெறுங்காலில் ஒரு அடிகூட வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் கால் நம் கையில் இல்லை.

அவருக்குப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் வேலை பார்க்கும் நகர நிர்வாக அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலமாகிறது. 'முடிச்சாச்சு சார்' என்றால்தான் தெரியும். தெரு, சாக்கடை, விளக்கு பற்றி மக்கள் கொடுக்கும் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் அவர் எழுத்தர். எந்தப் புகாரையும் ஏழு நாளைக்குள் முடிக்க வேண்டும், வேலை நடந்ததற்குப் புகைப்படம் இணைக்க வேண்டும் என்பது விதி. விதியை அவர் ஒருநாளும் மீறியதில்லை. வேலை நடந்ததா என்பதை மட்டும் பார்த்ததில்லை.

புகைப்படத்துக்கு என்ன செய்வார்? அதற்கு 'மாப்பிள்ளை' இருந்தான். பெரிய அதிகாரிகளின் வீடுகள் இருக்கும் சாலையில் என்றோ எடுத்த ஒரு படம் அது. வரிசை குலையாத நடைபாதைக் கற்கள், மேலே ஒரு விளக்குக் கம்பம், ஒரு காகிதத் துண்டுகூட இல்லாத சுத்தம். நடைபாதை பற்றி எந்தத் தெருவிலிருந்து புகார் வந்தாலும் அந்தப் படம்தான் பதிலோடு போகும். எந்த வீட்டில் பெண் கேட்டாலும் அதே மாப்பிள்ளையைக் காட்டலாம் என்று யாரோ சிரித்ததிலிருந்து அந்தப் பேர். "மாப்பிள்ளை கிளம்பியாச்சா சார்?" என்று பக்கத்து மேசையில் கேட்பார்கள். "கிளம்பியாச்சு, முடிச்சாச்சு" என்பார் இவர். நிலுவையே இல்லாத பிரிவு என்று சுவரில் ஒரு கேடயம் வேறு தொங்கியது. லஞ்சம் வாங்குகிற ஆளில்லை. அடுத்தவர் வாங்கிக் கொடுக்கும் டீயைக்கூடக் குடிக்க மாட்டார். அதனால் தன்னை நல்லவர் என்றே அவர் முழு மனதோடு நம்பியிருந்தார். இந்த நம்பிக்கைதான் பொல்லாதது.

ஷூவைக் கட்டிக்கொண்டு முதல் மாடியிலிருந்து தெருவுக்கு இறங்கினார். பத்து வருடமாகக் குடியிருக்கும் தெருதான். ஆனால் வாசலில் ஏறினால் அலுவலகத்தில் இறங்கும் ஸ்கூட்டர் ஆசாமி அவர். ஸ்கூட்டர் போகிற தெரு வேறு, கால் போகிற தெரு வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நடைபாதை முழுக்க இரண்டு சக்கர வண்டிகள் தோளோடு தோள் உரசி நின்றன. அதைத் தாண்டினால் யாரோ வீடு கட்டக் கொட்டிய ஜல்லிக் குவியல். கீழே இறங்கி நடந்தால் பின்னாலிருந்து வேன் ஒன்று சட்டையை உரசிக்கொண்டு பறந்தது. மூன்று விளக்குக் கம்பங்களில் ஒன்றுதான் எரிந்தது. அதுவும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. குப்பைத் தொட்டியடியில் படுத்திருந்த நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. 'புது ஆளா?' என்று கேட்பது போலிருந்தது.

மறுபடியும் நடைபாதையில் ஏறி, டிரான்ஸ்ஃபார்மர் வரை வந்துவிட்டார். அதற்கு மேல் போக முடியவில்லை. சாக்கடையை மூடும் கற்களில் ஒன்று இல்லை. ஓர் ஆள் இடுப்பளவு இறங்கக்கூடிய கறுப்புப் பள்ளம். ஆபத்து என்று காட்டுவதற்காக யாரோ ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைகீழாக அதில் செருகியிருந்தார்கள். நாலு கால்களும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் சிவப்புத் துணி.

குனிந்து பார்த்தார். இந்த இடத்தை அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஆனால் படித்திருக்கிறார். 'டிரான்ஸ்ஃபார்மரை அடுத்து, சாக்கடை மூடிக்கல் ஒன்று இல்லை.' பிழையே இல்லாமல், ஓரத்தில் அளந்து இடம் விட்டுத் தட்டச்சு செய்த கடிதம். ஒன்றல்ல, நாலு. நாலுக்கும் மாப்பிள்ளை போனான். நாலுக்கும் கீழே அவர் கையெழுத்து.

எழுதியது மேல் வீட்டு டைப் டீச்சர். தட்டச்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், பல வருடச் சர்க்கரைக்காரர். 'நீரிழிவு நோயாளியான நான் தினமும் காலையில் நடந்தாக வேண்டும் என்பது மருத்துவர் ஆலோசனை. எனக்கு வேறு வழி இல்லை' என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருக்கும். வழி இல்லை என்பதை எல்லாரும் எழுதுவதுபோல எழுதுகிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு இவர் நாலே நிமிடத்தில் வீடு திரும்பினார்.

"நாற்பது நிமிஷம்னு சொன்னாரே டாக்டர்?" என்றாள் மனைவி.

"வெளியில நடக்க இடமே இல்லை" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். இதே வார்த்தை. இதே வார்த்தையை அவரிடம் ஒருத்தர் சொல்லியிருக்கிறார்.

அஞ்சு மாதத்துக்கு முந்தைய ஒரு காலை. மேல் வீட்டில் டக் டக் என்று சத்தம். தினமும் நாற்பது நிமிடம். தூக்கம் கலைந்த எரிச்சலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்த டீச்சரின் காலில் கெட்டி அடிப்பாகம் வைத்த செருப்பு.

"காலங்காத்தால தலைக்கு மேல டக்கு டக்குன்னு என்னங்க இது? கீழ மனுஷங்க இருக்கோமா இல்லையா? வெளியில எவ்வளவு பெரிய தெரு கிடக்கு, அங்க போய் நடக்கக் கூடாதா?"

டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வை இவருக்கு அன்றைக்குப் புரியவில்லை. "வெளியில நடக்க இடமே இல்லையே சார்" என்றார். பிறகு, "மன்னிச்சுக்குங்க. நாளையிலேருந்து சத்தம் வராது."

வரவில்லை. டீச்சர் வாக்குத் தவறாத மனுஷி. மறுநாளிலிருந்து தெருவில் நடந்தார். ஒன்பதாவது நாள், எரியாத விளக்குக்குக் கீழே, இல்லாத கல்லில் கால் வைத்தார். பள்ளத்து விளிம்பில் நீட்டியிருந்த கம்பி கணுக்காலுக்குக் கீழே கிழித்தது. மரத்துப்போன பாதம், வலி சொல்லவில்லை. சில நாள் கழித்துக் காலுறையில் சீழின் ஈரம் தெரிந்தபோதுதான் பார்த்தார். அதற்குள் புண் உள்ளே போய்விட்டது. ஆறே வாரத்தில் கணுக்கால் வரை எடுத்துவிட்டார்கள். தங்கை வந்து வீட்டைப் பூட்டி, சாவியை இவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு அக்காவை அழைத்துக்கொண்டு போனாள். இவர்கூட ஆஸ்பத்திரிக்குப் போய் அரை டஜன் சாத்துக்குடி கொடுத்து, "எல்லாம் சரியாயிடும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தார். சாத்துக்குடி கொடுத்த கை எது என்று அப்போது யோசிக்கவில்லை.

இப்போது அந்தச் சத்தம் கேட்கிறது. செத்துப்போனவர்கள் நடந்தால் பேய் என்றாவது சொல்லிவிடலாம். டீச்சர் உயிரோடு இருக்கிறார். வாரம் ஒருமுறை மனைவியோடு போனில் பேசுகிறார். பிறகு மேலே நடப்பது என்ன? வெட்டி எடுத்த கால் எங்கே போகும் என்று ஒருநாள் யோசித்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சத்தம் தொடங்கியதும் ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். கதவுக்கு வெளியே நிற்கும்வரை கேட்டது. பூட்டில் சாவி திரும்பியதும் நின்றது. உள்ளே மூடிய வீட்டின் வாசனை. தரையில் மெல்லிய தூசி, அதில் ஒரு தடம்கூட இல்லை. தட்டச்சு இயந்திரம் இருந்த மேசை காலியாக நின்றது. சமையலறை வாசலிலிருந்து கூடத்து ஜன்னல் வரை தரையின் பளபளப்பு ஒரு கோடாகத் தேய்ந்துபோயிருந்தது. வெளியே இடம் கிடைக்காத ஒரு மனுஷி மாதக்கணக்கில் நடந்து தேய்த்த கோடு. அவர் கால்கள் தாமாகவே அதன்மேல் போயின. எண்ணிக்கொண்டே நடந்தார். ஏழாவது எட்டில் ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே நேர் எதிரில், டிரான்ஸ்ஃபார்மரும் தலைகீழ் நாற்காலியின் நாலு கால்களும்.

கீழே வந்தபோது மனைவி முகம் வெளுத்து நின்றாள். "என்னங்க, இன்னிக்கு எனக்கும் கேட்டுச்சு. ஏழு எண்ணினேன்."

"அது நான்தான்" என்றார். சாவியை ஆணியில் மாட்டினார்.

அன்றிலிருந்து அவரும் வீட்டுக்குள்ளேயே நடக்கத் தொடங்கினார். வேறு வழி? சமையலறை வாசல், கூடத்து ஜன்னல். மேல் வீட்டின் அதே அளவு வீடு, அதே ஏழு எட்டு. டாக்டர் சொன்னபடி காலில் கெட்டிச் செருப்பு. மேலே ஒரு டக், கீழே ஒரு டக். இவர் நின்றால் அது நிற்கவில்லை. இவர் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டியது. எல்லார் நிழலும் காலடியில் விழும், இவருடைய நிழல் மட்டும் தலைக்கு மேல் விழுந்து கிடந்தது.

நாலாம் நாள் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு நர்ஸ். இரவு வேலை முடிந்து வந்த சிவந்த கண்கள், அவிழ்ந்த கொண்டை.

"தப்பா நினைக்காதீங்க அண்ணா. ராத்திரி பூரா வார்டுல நின்னுட்டு இப்பதான் வந்து படுக்குறேன். தலைக்கு மேல டக்கு டக்குன்னு விழுது. நாலு நாளாப் பொறுத்துப் பாத்தேன். வெளியில இவ்வளவு பெரிய தெரு இருக்கே, அங்க போய் நடக்கக் கூடாதா?"

அவர் வாய் திறந்தது. பேசியது அவர்தானா என்று அவருக்கே சந்தேகம். "வெளியில நடக்க இடமே இல்லையேம்மா. மன்னிச்சுக்கோ. நாளையிலேருந்து சத்தம் வராது."

நர்ஸ் போய்விட்டாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்து என்ன என்பது அவருக்குத் தெரியும். நாளைக்குத் தெருவில் இறங்க வேண்டும். ஒரு நாள், ரெண்டு நாள், ஒன்பதாவது நாள். குனிந்து தன் வலது பாதத்தைப் பார்த்தார். பெருவிரலைக் கிள்ளினார். ஒன்றும் தெரியவில்லை. மேலே சத்தம் அப்போதும் நிதானமாகத் திரும்பி, மறுபடியும் ஏழு எண்ணத் தொடங்கியது.

அன்றைக்கு அலுவலகத் தபாலில் அந்த உறை கிடந்தது. பிழையில்லாத தட்டச்சு, ஓரத்தில் அளந்து விட்ட இடம். பிரித்தார்.

'ஐயா, டிரான்ஸ்ஃபார்மரை அடுத்த நடைபாதைக் கல் பற்றி இது என் ஐந்தாவது கடிதம். எனக்காக அதைச் சரிசெய்ய வேண்டியதில்லை. எனக்கு இனி அது தேவைப்படாது. ஆனால் என் வீட்டுக்குக் கீழே குடியிருப்பவருக்கும் நீரிழிவு என்று அவர் மனைவி மூலம் அறிந்தேன். அவர் தினமும் நடந்தாக வேண்டும். அவருக்கு வேறு வழி இல்லை. தயவுசெய்து கவனிக்கவும்.'

பக்கத்து மேசை எட்டிப் பார்த்தது. "என்ன சார், நடைபாதையா? மாப்பிள்ளையை அனுப்ப வேண்டியதுதானே?"

அவர் எழுந்து மாடி வராந்தாவுக்குப் போய் டீச்சருக்குப் போன் செய்தார். என்னென்னவோ சொல்ல நினைத்து, "டீச்சர், உங்க கடிதம் எல்லாம் எங்கிட்டதான் வரும்" என்று மட்டும் சொன்னார்.

"தெரியும் சார்" என்றது அந்தக் குரல். "தண்ணி வராதுன்னு நம்ம கட்டட நோட்டீஸ் போர்டுல செயலாளர்னு போட்டு நீங்க கையெழுத்து போடுவீங்களே, அதைத்தான் வருஷக்கணக்கா பாக்குறேனே. முதல் பதில்லயே அடையாளம் தெரிஞ்சுடுச்சு."

"அப்ப நான் மேல வந்து சத்தம் போட்ட அன்னிக்கும்..."

"அன்னிக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் டீச்சர் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டேனே சார். நாலு தடவை கேட்டேன்."

அவர் வராந்தாவிலேயே அழுதார். துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்து, முடிந்த புகார்களின் கட்டுகளை இறக்கினார். டீச்சரின் நாலு கடிதங்களையும் எடுத்து, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'வேலை நடக்கவில்லை. இணைத்த படம் இந்த இடத்துடையது அல்ல. நான் நேரில் பார்க்கவில்லை.' அதோடு நிற்கவில்லை. மாப்பிள்ளை போன ஒவ்வொரு புகாரையும் தனியே எடுத்து வைத்தார். முந்நூற்றுச் சொச்சம் இருந்தது. அத்தனை தெருவிலும் யார் யார் எந்த ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடுவே நடக்கிறார்களோ.

பிரிவின் மேலாளர் கட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "உமக்கு என்னய்யா ஆச்சு? மூடின புகாரை நாமே திறக்குறதா? கேடயம் போயிடும். உம்ம மேலதான் விசாரணை வரும், தெரியுமா?"

"வரட்டும் சார்."

"ஒரு கல்லுக்கா இவ்வளவு?"

அவர் அதுவரை மேலாளரிடம் உட்கார்ந்து பேசியதில்லை. அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், சர்க்கரை வந்தவங்களை டாக்டர் நடன்னு சொல்றாரு. நடக்கலைன்னா சோம்பேறின்னு நாம சொல்றோம். நடக்க இடம் இருக்கான்னு மட்டும் ஒருத்தரும் கேக்குறதில்லை. மாத்திரை கடையில கிடைக்குது சார். நடை தெருவுலதான் கிடைக்கணும். அந்த மருந்தைக் குடுக்க வேண்டிய ஆள் நாம. நான் அதைக் குடுக்காம, குடுத்துட்டேன்னு கையெழுத்து போட்டேன். ஒரு கால் போயிடுச்சு."

மேலாளர் கட்டைத் தன் பக்கம் இழுத்து, சிவப்பு மைக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். விசாரணை வந்தது. கேடயம் போனது. இவருடைய பதவி உயர்வும் தள்ளிப்போனது. பதினோராம் நாள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கல் வந்தது. விளக்குக் கம்பங்களில் ரெண்டு எரியத் தொடங்கின. வண்டிகளை நகர்த்தச் சொல்லி இவரே வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். சிலர் நகர்த்தினார்கள், சிலர் முறைத்தார்கள். நாய்கள் மட்டும் முதல் வாரத்திலேயே சமாதானமாகிவிட்டன.

கல் போட்ட அன்று அதன்மேல் நின்றுகொண்டு டீச்சருக்குப் போன் செய்தார்.

"ஆடுதா சார்?"

காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "ஆடலை டீச்சர்."

"அப்ப நடங்க" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றோடு மேல் வீட்டுச் சத்தம் நின்றுவிட்டது என்று சொன்னால் கதை அழகாக முடியும். ஆனால் நிற்கவில்லை. சர்க்கரை நூற்று முப்பதுக்கு இறங்கியது. பெருவிரலில் கொஞ்சம் உணர்ச்சிகூடத் திரும்பியது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. தினமும் விடியலில் ஷூக் கயிற்றைக் கட்டும்போது ஏழு எண்ணி, ஒரு கணம் நின்று, மறுபடியும் ஏழு.

ஒருநாள் அவர் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைக் கண்டு மனைவி பக்கத்தில் வந்தாள். "இன்னும் கேக்குதாங்க? யாரையாவது கூட்டிட்டு வந்து பாக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றார் அவர், ஷூக் கயிற்றை இறுக்கிக்கொண்டே. "கேக்கட்டும். அடுத்தவங்க வழியை மறிச்சவன் காதுல இது கேட்டுக்கிட்டேதான் இருக்கணும். அது நின்னுட்டா நான் மறுபடியும் 'முடிச்சாச்சு'ன்னு எழுத ஆரம்பிச்சுடுவேன்."